பிளாஸ்மா டார்ச்சின் நுனியில் ஹாஃப்னியம் ஏன்?

பெங்களூர் பீன்யாவில், மின்சாரத்தால் கடும் சூடேறிய வாயுவைப் பாய்ச்சும் பிளாஸ்மா டார்ச் கொண்டு இரும்புத் தகடு வெட்டும் பட்டறை நடத்தும் ஒசூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிளாஸ்மா டார்ச்சின் செம்பு எலெக்ட்ரோடு நுனியில், நட்டநடுவில், வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. அது ஹாஃப்னியம் என்கிறார்கள். அதிக வெப்பம் தாங்கும் உலோகம் டங்ஸ்டன்தானே, அதை ஏன் வைக்கவில்லை? பாலிடெக்னிக்கில் பெயரே கேள்விப்படாத இந்த உலோகம் எங்கிருந்து வருகிறது? ஏன் இந்த விலை? கதிரியக்கம் ஏதும் உண்டா?"

பெங்களூரில் உலோகவியல் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு மிகவும் பிடித்த தனிமங்களில் ஹாஃப்னியமும் ஒன்று. ஆகவே பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் டார்ச். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஹாஃப்னியமோ 2,233 டிகிரியிலேயே உருகிவிடும். உருகுநிலையை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி முழுக்க நியாயம். ஆனால் டங்ஸ்டன் முனை வைத்துச் செய்யும் டிக் வெல்டிங்கில் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம், ஆக்சிஜன் அண்டாமல் ஆர்கான் வாயு அதைச் சூழ்ந்து நின்று காப்பதுதான். உங்கள் டார்ச்சில் ஓடுவது கம்ப்ரசரிலிருந்து வரும் சாதாரணக் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அந்தச் சூட்டில் டங்ஸ்டன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாக மாறும். அந்த ஆக்சைடு 1,473 டிகிரியிலேயே உருகி, ஆவியாகிப் போய்விடும். அடியிலிருக்கும் உலோகம் எவ்வளவு உறுதியானதாக இருந்தும் பயனில்லை, மேற்பரப்பு தேய்ந்துகொண்டே போகும்.

ஹாஃப்னியம் காற்றோடு சேரும்போது நடப்பது வேறு. அதன் ஆக்சைடு உருகச் சுமார் 2,800 டிகிரி வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து உண்டாகும் நைட்ரைடுக்கு 3,300 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அதாவது, காற்றுத் தாக்கத் தாக்க இந்த உலோகத்தின் மேல் அதைவிட அதிக வெப்பம் தாங்கும் படலம் ஒன்று தானாகவே உருவாகிறது. மின்வில் (எலெக்ட்ரோடு நுனியிலிருந்து பாயும் மின்சாரச் சுடர்) எரியும்போது பொட்டின் முகப்பு உருகிய குட்டையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் படலமும் சுற்றியுள்ள செம்பின் குளிர்ச்சியும் சேர்ந்து அந்தக் குட்டையை அங்கேயே பிடித்து வைக்கின்றன. கூடவே இன்னொரு குணம். சூடான பரப்பிலிருந்து எலெக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவைப்படும் ஆற்றல் டங்ஸ்டனுக்குச் சுமார் 4.5 எலெக்ட்ரான் வோல்ட், ஹாஃப்னியத்துக்குச் சுமார் 3.9. மின்வில் சுற்றியுள்ள செம்பைத் தொடாமல் அந்தச் சின்னப் பொட்டிலேயே கால் ஊன்றி நிற்பதற்கு இந்தக் குணமே பெரிதும் உதவுகிறது.

இந்த இடத்தில் சிர்கோனியமும் வேலை செய்யும். காற்று பிளாஸ்மாவின் தொடக்க காலத்தில் அதையும் பயன்படுத்தினார்கள். ஹாஃப்னியம் அதைவிட நீண்ட நேரம் தாங்குகிறது என்பதால் அது நிலைத்துவிட்டது. சிர்கோனியம் என்ற பெயரை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஃப்னியம் ஏன் இத்தனை தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, ஏன் இந்த விலை, எங்கெல்லாம் பயன்படுகிறது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை அந்த இன்னொரு தனிமத்தின் வழியாகத்தான் கிடைக்கும்.

தனிம அட்டவணையில் டைட்டானியத்துக்குக் கீழே சிர்கோனியம், அதன் அணு எண் 40. அதற்கு நேர் கீழே ஹாஃப்னியம், அணு எண் 72. பொதுவாக ஒரு வரிசை கீழே போனால் அணுவின் பருமன் கூட வேண்டும், ஏனென்றால் எலெக்ட்ரான்களுக்கு ஒரு கூடு அதிகமாகிறது. இங்கே அது நடக்கவில்லை. சிர்கோனியத்தின் அணு ஆரம் சுமார் 160 பிக்கோமீட்டர், ஹாஃப்னியத்தின் ஆரம் சுமார் 159. பெரிதாகவில்லை என்பது மட்டுமல்ல, ஒரு சொட்டு சிறிதாகவே ஆகியிருக்கிறது!

காரணம் நடுவில் நுழைந்த அருமண் தனிமங்கள். லாந்தனத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் இடையில் சீரியம் முதல் லுட்டீசியம் வரை பதினான்கு தனிமங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றாக அணுக்கருவின் மின்னேற்றம் கூடிக்கொண்டே போகிறது. கூடவே சேரும் எலெக்ட்ரான்கள் 4எஃப் என்ற உள்கூட்டில் போய் உட்காருகின்றன. அந்தக் கூட்டின் எலெக்ட்ரான்கள் மேகம்போல் பரந்து கிடப்பவை, கருவின் இழுப்பை வெளிக்கூட்டுக்குப் போகவிடாமல் மறைக்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. ஆகவே வெளி எலெக்ட்ரான்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, அணுவே சுருங்குகிறது. லாந்தனைடு சுருக்கம் என்று இதற்குப் பெயர். பதினான்கு படிகளில் சேர்ந்த அந்தச் சுருக்கம், ஒரு கூடு கூடியதால் வரவேண்டிய பெருக்கத்தைக் கச்சிதமாகத் தின்றுவிடுகிறது.

விளைவு, வேதியியலில் இவை ஒட்டிப் பிறந்த இரட்டையர். அணு ஆரமும் அயனி ஆரமும் ஏறக்குறைய ஒன்று, இணைதிறனும் ஒன்றே. ஒன்று கரையும் அமிலத்தில் மற்றதும் கரையும், ஒன்று படியும் இடத்தில் மற்றதும் படியும். எடையில் மட்டும் ஒளிக்க முடியாது. கன செ.மீ.க்கு சிர்கோனியம் சுமார் 6.5 கிராம், ஹாஃப்னியம் 13.3 கிராம். அதே அளவுள்ள அணுக்குள் இரு மடங்கு எடையை அடைத்து வைத்திருக்கிறது இயற்கை.

இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதால் ஹாஃப்னியத்துக்கென்று தொழிலுக்கு உதவும் தனித் தாதுவே கிடையாது. சிர்கோனியத்தின் தாதுவான சிர்க்கான் மணலில், சிர்கோனியம் உட்கார வேண்டிய இடத்தில், நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு பங்கு வரை இது உட்கார்ந்திருக்கும். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலையில் இல்மனைட்டு, ரூட்டைல், மோனசைட்டு, கார்னெட் ஆகியவற்றோடு பிரித்தெடுக்கப்படும் சிர்க்கானிலும் ஹாஃப்னியம் உண்டு. சிர்க்கான் தூள் சேர்த்த வெண்பூச்சு கொண்ட டைல்ஸ் உங்கள் வீட்டில் இருந்தால், உங்கள் வீட்டிலும் ஹாஃப்னியம் உண்டு. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 3 பங்கு இது. தங்கத்தைப் போலப் பல நூறு மடங்கு. அரிதான பொருள் என்று சொல்லவே முடியாது, கையில் தனியாகக் கிடைக்காத பொருள் என்று சொல்லலாம்.

இதை முதலில் பிடித்தவர்களின் கதை இருபதாம் நூற்றாண்டு அறிவியலில் எனக்கு மிகவும் மனம் நிறைந்த பகுதி. சிர்கோனியத்தை 1789இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ராத் அடையாளம் கண்டார். அடுத்த 130 ஆண்டுகளுக்கு மேலாக உலகின் தலைசிறந்த வேதியியலாளர்கள் அதைக் கரைத்தார்கள், படிகமாக்கினார்கள், அணு எடையை அளந்தார்கள். அவர்கள் எடைபோட்ட ஒவ்வொரு துளியிலும் ஹாஃப்னியம் இருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. 1913-14இல் இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை வைத்து அணு எண்ணைத் துல்லியமாகச் சொல்லும் வழியைக் கண்டார். அட்டவணையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. 72ஆம் இடம் காலி. (மோஸ்லி 1915இல் கல்லிபோலிப் போரில் இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் வாழ்ந்திருந்தால் அந்த ஓட்டைகளில் எத்தனையை அவரே அடைத்திருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

பிரான்சின் வேதியியலாளர் ஜார்ஜ் உர்பேன், தாம் 1911இல் அருமண் கலவையிலிருந்து கண்டதாகச் சொன்ன செல்டியம்தான் அந்த 72 என்று உரிமை கோரினார். கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதை ஒப்பவில்லை. தம் அணுக் கோட்பாட்டின்படி அருமண் வரிசை 71உடன் முடிந்துவிடுகிறது, ஆகவே 72 அருமண்ணாக இருக்க முடியாது, சிர்கோனியத்தின் உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவிஷியும் அருமண் தாதுக்களை விட்டுவிட்டுச் சிர்கோனியத் தாதுவை எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். 72க்குரிய கோடுகள் வந்து நின்றன. 1922 டிசம்பரில் நீல்ஸ் போர் நோபல் உரை நிகழ்த்த ஸ்டாக்ஹோம் போயிருந்த நேரம் அது. கோஸ்டர் தொலைபேசியில் செய்தி சொல்ல, உரையின் முடிவில் நீல்ஸ் போர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவை வைத்து 1923 ஜனவரியில் பெயரிட்டார்கள். நிலையான தனிமங்களில் இதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது ரீனியம் ஒன்றுதான், 1925இல். கோட்பாடு எந்தக் கல்லைத் தேடுவது என்று சொல்லி, அந்தக் கல்லிலேயே பொருளும் இருந்த நிகழ்ச்சி இது. அணுக் கொள்கையை வெறும் கணக்கு என்று கருதியவர்களுக்கு இதைவிட உறுதியான பதில் அப்போது இருந்திருக்க முடியாது.

இனி உங்கள் விலைக் கேள்விக்கு வருகிறேன். வேதியியலுக்கு இந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரியவில்லை. நியூட்ரானுக்கு நன்றாகத் தெரியும். மெதுவாக வரும் நியூட்ரானை ஒரு கரு எவ்வளவு ஆவலாக விழுங்கும் என்பதை பார்ன் என்ற அலகில் அளப்பார்கள். சிர்கோனியத்துக்கு அது சுமார் 0.18 பார்ன், ஹாஃப்னியத்துக்குச் சுமார் 104. ஐந்நூறு மடங்குக்கும் மேல்! அணு உலைக்குள் யுரேனியம் எரிபொருளுக்கு உறை போட, நியூட்ரானைத் தடுக்காத, வெந்நீரில் அரிக்காத உலோகம் வேண்டும். 1940களில் சிர்கோனியத்தை அளந்து பார்த்தவர்கள் இது நியூட்ரானை விழுங்குகிறது, உதவாது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். விழுங்கியது சிர்கோனியம் அல்ல, உள்ளே இருந்த ஹாஃப்னியம் என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வகத்தில் ஹெர்பர்ட் பொமரன்ஸ் செய்த அளவீடுகள் காட்டின. அதன் பிறகு அட்மிரல் ரிக்கோவரின் கடற்படைத் திட்டம் இரண்டையும் பிரிப்பதற்காகவே தொழிற்சாலை அளவில் முயன்றது. 1954இல் கடலில் இறங்கிய நாட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலை அந்த உழைப்பின் பலன். சிர்கோனியம் எரிபொருளின் உறை ஆயிற்று. கழித்துக்கட்டிய ஹாஃப்னியம், உலையின் வேகத்தை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு ஆயிற்று. ஒரே கல்லில் பிறந்து, ஒரே உலைக்குள் எதிரெதிர் வேலை.

கட்டுப்பாட்டுத் தண்டாக அது சிறந்ததற்குக் காரணம் விழுங்கும் பசி மட்டுமல்ல. மற்றச் சில பொருள்கள் ஒரு நியூட்ரானை விழுங்கியதும் வேலை தீர்ந்துவிடும். ஹாஃப்னியம்-177 (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை இந்த எண்) ஒரு நியூட்ரானை விழுங்கினால் 178 ஆகும், அதுவும் விழுங்கும். பிறகு 179, அதுவும் விழுங்கும். திறன் படிப்படியாகக் குறைந்தாலும் சட்டென்று தீராது. வெந்நீரில் உறையே இல்லாமல் நிற்கவும் முடியும்.

நம் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் இயற்கை யுரேனியத்தில் ஓடுபவை. அங்கே ஒவ்வொரு நியூட்ரானும் கணக்கு. எனவே எரிபொருள் உறையாகும் சிர்கோனியக் கலவையில் ஹாஃப்னியம் பத்து லட்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகத்தில் சிர்க்கான் மணலைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரைப்பானோடு கலக்குவார்கள். சிர்கோனியம் சற்றே கூடுதலாகக் கரைப்பானுக்குள் போகும், ஹாஃப்னியம் சற்றே கூடுதலாக அமிலத்தில் தங்கும். வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே அதையே அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

உலகில் கிடைக்கும் ஹாஃப்னியம் ஏறத்தாழ முழுவதும் இப்படி அணு உலைச் சிர்கோனியத்தைச் சுத்தம் செய்யும்போது வெளியே வருவதுதான். ஆண்டுக்குச் சில பத்து டன்கள். டைல்ஸ் தொழிலுக்கும் வார்ப்பு அச்சுக்கும் போகும் மணலை யாரும் பிரிப்பதில்லை, அங்கே அவசியமும் இல்லை. ஹாஃப்னியத்துக்குக் கிராக்கி கூடினால் சுரங்கத்தைப் பெரிதாக்கி அளவைக் கூட்டிவிட முடியாது. சிர்கோனியம் பிரிக்கும் ஆலைகள் எவ்வளவு ஓடுகின்றனவோ அவ்வளவுதான் வரும். உங்கள் எலெக்ட்ரோடில் இருக்கும் சிறு துண்டுக்கு ஜெட் என்ஜின் செய்பவர்களும் (சுழலித் தகட்டு நிக்கல் கலவையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வரை ஹாஃப்னியம் சேர்ப்பது உண்டு), ராக்கெட் நாசிலுக்கான நியோபியக் கலவை செய்பவர்களும் போட்டிக்கு நிற்கிறார்கள். சி-103 என்ற அந்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கு ஹாஃப்னியம்.

சிப் தொழிலும் போட்டியில் உண்டு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே செலவாகும் எடை மிகக் குறைவு, ஆனால் வேலை மிகப் பெரியது. டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 'கேட்' என்ற முனைக்கு அடியில் சிலிக்கன் டை ஆக்சைடு என்ற மின்கடத்தாப் படலம் இருந்தது. ஆண்டுக்காண்டு மெல்லிதாக்கிக்கொண்டே போய், அது 1.2 நானோமீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்து அணு தடிமனுக்கு வந்துவிட்டது. அதன் ஊடே எலெக்ட்ரான்கள் கசியத் தொடங்கின. ஹாஃப்னியம் ஆக்சைடின் மின்காப்பு மாறிலி (கேட்டின் மின் பிடியைக் கடத்தித் தரும் திறன்) சிலிக்கன் டை ஆக்சைடைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். எனவே தடிமனான படலம் போட்டுக் கசிவை நிறுத்தலாம், கேட்டின் பிடியும் தளராது. 2007இல் இன்டெல் 45 நானோமீட்டர் சிப்புகளில் ஹாஃப்னியம் சார்ந்த படலத்தைக் கொண்டுவந்தது. 2008இல் வெளிவந்த டன்னிங்டன் என்ற, சர்வர்களுக்கான ஆறு கோர் சியான் சிப் அந்த வகையைச் சேர்ந்தது. அதை வடிவமைத்தவர்கள் இந்தப் பெங்களூரில் இருந்த பொறியாளர்கள். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் போனுக்குள்ளும் அந்த ஆக்சைடு பெரும்பாலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போனால், கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தீபகற்ப நைஸ் பாறை அது, வயது சுமார் 300 கோடி ஆண்டு. இத்தகைய பாறைகளில் பொடிப்பொடியாகச் சிர்க்கான் படிகங்கள் இருக்கும். உள்ளே யுரேனியம் கொஞ்சம், ஹாஃப்னியம் தாராளம். யுரேனியம் ஈயமாக மாறிய அளவு படிகத்தின் வயதைச் சொல்லும். ஹாஃப்னியம் சொல்வது அதைவிட நுட்பமானது. லுட்டீசியம்-176 என்ற ஐசோடோப்பு மிக மெதுவாக, சுமார் 3,700 கோடி ஆண்டு அரை ஆயுளில் (பாதி மாறி முடிய ஆகும் காலம்), ஹாஃப்னியம்-176 ஆக மாறுகிறது. சிர்க்கானுக்குள் லுட்டீசியம் மிகக் குறைவு என்பதால், படிகம் பிறந்த நாளன்று இருந்த ஹாஃப்னியம் விகிதம் அப்படியே உறைந்து நிற்கும். அந்தப் பாறைக் குழம்பு பூமியின் அடியிலிருந்து புதிதாக வந்ததா, பழைய மேலோடு உருகி மறுபடி உறைந்ததா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்கிறார்கள். ஹாஃப்னியம்-182 என்ற இன்னொன்று, 89 லட்சம் ஆண்டு அரை ஆயுளில் டங்ஸ்டனாக மாறி, எப்போதோ தீர்ந்துபோய்விட்டது. டங்ஸ்டன் இரும்போடு சேர்ந்து பூமியின் மையத்துக்குள் இறங்கும், ஹாஃப்னியம் பாறையோடு மேலே தங்கும். இந்தக் குணத்தைக் கொண்டுதான், சூரியக் குடும்பம் தோன்றிச் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்குள் பூமியின் இரும்பு மையம் பெரும்பாலும் பிரிந்துவிட்டது என்ற கணக்கு 2002இல் வந்தது. உங்கள் கேள்வியில் வந்த இரண்டு உலோகங்களும் இங்கே சேர்ந்து கடிகாரமாக நிற்பதைப் பாருங்கள்.

கதிரியக்கம் பற்றிக் கேட்டீர்கள். எலெக்ட்ரோடில் இருப்பது இயற்கை ஹாஃப்னியம், அதில் அஞ்சத்தக்க கதிரியக்கம் எதுவும் இல்லை. அணு உலைத் தொழிலிலிருந்து வருகிறது என்பதால் உலைக்குள் இருந்து வந்தது என்று பொருளில்லை, உலைக்குப் போகும் முன்பே மணலிலிருந்து பிரித்தது அது. 'ஹாஃப்னியம் குண்டு' என்று காணொளிகளில் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஹாஃப்னியம்-178இன் கிளர்வுற்ற ஒரு நிலைக்கு 31 ஆண்டு அரை ஆயுள் உண்டு, அதில் நிறைய ஆற்றல் அடைந்திருப்பதும் உண்மை. பல் மருத்துவர் பயன்படுத்தும் எக்ஸ் கதிர்க் கருவியால் அந்த ஆற்றலைத் திறந்துவிட்டதாக டெக்ஸாஸ் குழு ஒன்று 1999இல் அறிவித்தது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் இன்னும் வலிமையான கதிர்களை வைத்துச் சோதித்தபோது அப்படி எதுவும் நிகழவில்லை.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஹாஃப்னியத்தை நுண்ணிய தூளாக்கினால் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். தேய்ந்த எலெக்ட்ரோடை இன்னும் கொஞ்ச நாள் பயன்படுத்தலாம் என்று பொட்டை அரவைக் கல்லில் உரசாதீர்கள். பயனும் இல்லை, நுனியின் வடிவம் கெட்டுச் செம்பில் வில் பாயும்.

எலெக்ட்ரோடு அதிக நாள் வர வேண்டுமானால், ஹாஃப்னியம் எப்போது கரைகிறது என்று தெரிய வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரைவதைவிட, வில்லைப் பற்றவைக்கும்போதும் நிறுத்தும்போதும்தான் அதிகம் கரைகிறது. உருகிய குட்டையிலிருந்து துளிகள் சிதறிப் போகும் நேரம் அது. எனவே ஒரே தகட்டில் பல துண்டு வெட்டும்போது, முடிந்தவரை தொடர்ச்சியாக வெட்டும்படி பாதையை அமையுங்கள். தகட்டின் விளிம்பைத் தாண்டி ஓடி வில் தானே அறுந்து அணையும்படி விடாதீர்கள். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருந்தால் ஆயுள் வேகமாகக் குறையும், வடிகட்டியையும் டிரையரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டில் விழும் குழியின் ஆழத்தை அவ்வப்போது அளந்து பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது, சரியான எண் உங்கள் டார்ச்சின் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் ஓட்டினால் வில் செம்பைப் பிடித்து, எலெக்ட்ரோடோடு நாசிலும், சில சமயம் டார்ச் தலையும் சேர்ந்தே போய்விடும்.